ஒன்பதாவது மாடிக்கு ஆட்சேபணை

பெங்களூர் ஓரத்துச் சிக்கமரளியில் புதிதாக யார் வீடு கட்ட வந்தாலும், கடைசியாக வீடு கட்டியவர்கள் அதை எதிர்ப்பார்கள். பதினோரு வருஷத்துக்கு முன்பு நேச்சர் வ்யூ லேஅவுட் வந்தபோது, 'வெளியாட்கள் வருகிறார்கள், ஊர் கெட்டுவிடும்' என்று கிராமத்தார் மனுக் கொடுத்தார்கள். லேஅவுட் வந்தது. இப்போது லேஅவுட்டை ஒட்டிய ராகி வயலில் கிளவுட் கோர்ட்யார்ட் என்ற பெயரில் பன்னிரண்டு மாடிக் கட்டடம் வரப்போவதாகப் பஞ்சாயத்துப் பலகையில் அறிவிப்பு ஒட்டியிருந்தது. ஆட்சேபணை உள்ளவர்கள் முப்பது நாளில் எழுதிக் கொடுக்கலாம். லேஅவுட்டின் குடியிருப்போர் நலச் சங்கம் பழைய மனுவைத் தேடி எடுத்து, கிராமம் என்று இருந்த இடத்தில் லேஅவுட் என்று மாற்றி, அன்று சாயங்காலமே டைப் அடித்துவிட்டது.

பாக்கியராஜுக்கு அந்த அறிவிப்பில் முதலில் எந்த வருத்தமும் இல்லை. ஹெப்பகோடியில் கார் உதிரிபாகம் செய்யும் தொழிற்சாலையில் இருபத்திரண்டு வருஷமாகத் தர ஆய்வாளர். கோலார் தங்கவயலில் பிறந்தவர். தாத்தாவும் அப்பாவும் சுரங்கக் கம்பெனி கொடுத்த லைன் வீட்டில் வாழ்ந்து முடித்தார்கள். அந்த வீட்டுக் கதவில் நம்பர் இருந்தது, பெயர் இல்லை. தன் பக்கத்திலும் சரி, மனைவி மெர்சியின் பக்கத்திலும் சரி, சொந்த வீடு கட்டிய முதல் ஆள் அவர்தான். அதனால் பதினோரு வருஷமாக இரண்டு பக்கத்து ஜனமும், சின்னது பெரியது முப்பத்திரண்டு பேர், கிறிஸ்துமஸுக்கு அவர் வீட்டுக்குத்தான் வருவார்கள். மொட்டை மாடியில் ஷாமியானா போட்டுப் பிரியாணி. சாப்பிட்டு முடித்ததும் மாமியார் ஆஞ்சலாம்மாள் கைப்பிடிச் சுவரைத் தட்டிப் பார்த்து, "வீடுன்னா இது வீடு மாப்ள" என்பார். அந்த ஒரு வாக்கியம் பாக்கியராஜுக்கு அடுத்த டிசம்பர் வரை தாங்கும்.

அறிவிப்பு வந்த ஞாயிற்றுக்கிழமை, மெர்சியின் தங்கை ரோஸியும் அவள் கணவன் டென்சிலும் மர்பி டவுனிலிருந்து வந்தார்கள். கையில் பிளம் கேக்கும் பளபளவென்று ஒரு புத்தகமும் இருந்தன.

"அண்ணா, ஒரு குட் நியூஸ்," என்றான் டென்சில். "உங்களுக்கு நெய்பர் ஆகப்போறோம்."

"எங்க?"

"தோ, உங்க பின்னாடி. நைன்த் ஃப்ளோர்."

அவன் புத்தகத்தை விரித்தான். படத்தில் ஒரு பால்கனி இருந்தது. அதில் வெள்ளைக்காரர் போல ஒருவர் காபிக் கோப்பையோடு நின்று, கீழே எதையோ பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்.

"இங்கருந்து பார்த்தா உங்க மொட்டை மாடி நல்லாத் தெரியும் மாமா," என்றாள் ரோஸி. "துணி காயறது, டேங்க், எல்லாம். நாங்க மேலருந்து கை ஆட்டுவோம்."

"ஹால் எவ்ளோ பெருசுடி!" என்றாள் மெர்சி. "முப்பது பேர் தாராளமா உக்காரலாம் போல."

"கிளப் ஹவுஸ் வேற இருக்குக்கா. இருநூறு பேர்."

பாக்கியராஜ் கேக்கை மென்றார். வெகுநேரம் மென்றார். அன்று முதல் அவருக்கு நாட்டு நலனில் அக்கறை வந்தது.

சங்கத்தின் அவசரக் கூட்டம் புதன்கிழமை நடந்தது. தலைவர் சீனிவாசராகவன் வங்கியில் மேலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எதையும் மூன்று பிரதிகளில் செய்யாவிட்டால் அது நடந்ததாகவே ஒத்துக்கொள்ள மாட்டார். அவர் காரணங்களைத் தெருவாரியாகப் பங்கிட்டார். முதல் கிராஸுக்கு ஏரி. இரண்டாம் கிராஸுக்குச் சிட்டுக்குருவி. நான்காம் கிராஸுக்குச் சாக்கடை. பாக்கியராஜ் இருந்த மூன்றாம் கிராஸுக்குக் கிராமியப் பண்பாடு வந்தது.

"எங்களுக்கு ஏரி வேணும் சார்," என்றார் மூன்றாம் கிராஸ்காரர் ஒருவர். "பண்பாடு கொஞ்சம் வீக்கா இருக்கு."

"ஏரி ஃபுல் ஆயிடுத்து. அறுபது பேர் எடுத்துண்டாச்சு. பண்பாட்டுல என்ன குறை? விசாரணை அன்னிக்கு நிஜமான கிராமவாசி ஒருத்தரைக் கூட்டிண்டு வந்து நிறுத்தறோம். எருமையோட."

நிஜமான கிராமவாசி கிருஷ்ணப்பா. லேஅவுட்டுக்கு நிலம் விற்றவர். அவரிடம் அப்போது ஆறு எருமைகள் இருந்தன. எட்டு வருஷத்துக்கு முன்பு இதே சங்கம் நாற்றம் என்று புகார் கொடுத்ததில் அவற்றை விற்றுவிட்டார். கூட்டத்துக்கு இன்னோவாவில் வந்து இறங்கிய அவரிடம் தலைவர் விஷயத்தைச் சொன்னதும், அவர் கன்னடம் கலந்த தமிழில் கணக்குப் போட்டார்.

"எருமை எல்லி இருக்கு சாமி இப்ப? ஆனேக்கல்லருந்து பாடிகைக்கு, அதான் வாடகைக்கு, கொண்டாரணும். வண்டிச் செலவு சங்கம் கொடுக்குமா?"

"தாராளமா. ஒரு தலைப்பாகையும் கட்டிண்டு வாங்கோ."

"அது நான் கட்டினதே இல்ல. பரவால்ல, யூட்யூபுல பாத்துக் கட்டிக்கறேன். அந்தக் கட்டடம் மட்டும் வேணாம், பேடவே பேடா. அது யார் வயலு தெரியுமா? என் தம்பி வயலு. நான் வித்தப்ப கிடைச்சதுக்கு அவன் இப்ப நாப்பது பங்கு வாங்கறான். ஊரோட அமைதி கெட்டுப் போச்சு சாமி. எனக்கு நித்தையே வர்றதில்ல."

தலைவர் இதைப் பண்பாட்டுக் கவலை என்று குறித்துக்கொண்டார்.

அச்சடித்த படிவத்தோடு பாக்கியராஜ் வீட்டுக்கு வந்தார். கையெழுத்துப் போட்டுக் கொடுப்பதுதான் பாக்கி. ஆனால் படிவத்தின் அடியில், 'மேலே கூறிய காரணம் உண்மை என உறுதியளிக்கிறேன்' என்று ஒரு வரி இருந்தது. அதைப் படித்ததும் அவர் கை நின்றுவிட்டது. தொழிற்சாலையில் ஒரு உருப்படி பழுதானால் அவர்தான் காரணம் எழுத வேண்டும். 'ஆபரேட்டர் கவனக்குறைவு' என்று எழுதினால் மேலிடத்திலிருந்து சிவப்பு மையில் திரும்பி வரும். ஏன் என்று ஐந்து தடவை கேட்டு, ஒவ்வொரு பதிலுக்கும் அடியில் இருக்கும் பதிலைத் தோண்டி, மூலகாரணம் வரை போக வேண்டும். தொழிலில் அதற்கு வொய்-வொய் என்று பெயர். சிறந்த மூலகாரணத்துக்காக அவருக்கு ஒரு வருஷம் ஸ்டீல் ஹாட்பாக்ஸ் பரிசாகக் கிடைத்திருக்கிறது. இருபத்திரண்டு வருஷத்தில் உண்மையில்லாத காரணத்துக்குக் கீழே அவர் கையெழுத்துப் போட்டதில்லை.

சங்கத்தின் தாளைத் தள்ளி வைத்தார். பஞ்சாயத்துக் கொடுத்த வெற்றுப் படிவத்தை எடுத்துப் பழகிய கையோடு எழுத ஆரம்பித்தார்.

கட்டடம் ஏன் கூடாது? கிராமியப் பண்பாடு கெடும்.

கெட்டால் உனக்கு ஏன் பாதிப்பு? பாதிப்பு இல்லை. பதினோரு வருஷத்தில் கிராமத்துக்குள் இரண்டு தடவை போயிருக்கிறேன், இரண்டு தடவையும் கேஸ் சிலிண்டருக்காக.

பின் ஏன் எதிர்க்கிறாய்? ஒன்பதாவது மாடியில் என் சகலை டென்சில் வருகிறான்.

வந்தால் ஏன் உறுத்துகிறது? எங்கள் குடும்பத்துக் கிறிஸ்துமஸ் அவன் வீட்டுக்குப் போய்விடும்.

போனால் ஏன் தாங்கவில்லை? எனக்குப் பொறாமையாக இருக்கிறது.

தொழிற்சாலை வழக்கப்படி மூலகாரணம் என்று தலைப்பிட்டு 'பொறாமை' என்று எழுதினார். தீர்வு: கட்டடத்தை நிறுத்துவது. மீண்டும் நிகழாமல் தடுக்க வழி: தெரியவில்லை. கையெழுத்து, கதவு எண், கைபேசி எண். நல்ல ஆய்வு செய்த திருப்தியோடு மடித்துப் பஞ்சாயத்துப் பெட்டியில் போட்டார். அரசாங்கத்தில் யார் இதையெல்லாம் படிக்கப்போகிறார்கள் என்ற தைரியமும் இருந்தது.

ரவிக்குமார் படித்தார். ஆட்சேபணை விசாரணை அதிகாரியாக அனுப்பப்பட்டிருந்த ரவிக்குமார், தங்கவயலில் ஆறு வருஷம் வேலை பார்த்ததால் தமிழ் நன்றாகப் பேசுவார். சமுதாய பவனத்தில் மேஜை போட்டு, அதன் மேல் நூற்றெண்பத்தாறு மனுக்களையும் அடுக்கியிருந்தார். வாசலில் தலைப்பாகையோடு கிருஷ்ணப்பாவும், வாடகை எருமையும். எருமைக்குக் கூட்டம் பழக்கமில்லை. கிருஷ்ணப்பாவுக்கு எருமை பழக்கம் விட்டுப்போயிருந்தது. இருவரும் ஒருவரையொருவர் நம்பாமல் நின்றார்கள்.

"ஏரின்னு அறுபது பேர் எழுதியிருக்கீங்க," என்றார் ரவிக்குமார். "ரொம்ப சந்தோஷம். அந்த ஏரி எங்க இருக்குன்னு சர்வே மேப்புல பார்த்தேன். உங்க லேஅவுட் பார்க்குக்கு அடியில இருக்கு. குருவின்னு நாப்பத்தஞ்சு பேர். எல்லார்துலயும் குருவிக்கு ஒரே ஸ்பெல்லிங் மிஸ்டேக். ஆக நூத்தெண்பத்தஞ்சு மனுவும் ஒரே மனு. தள்ளுபடி."

பிறகு ஒரு தாளை மட்டும் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தார்.

"மனு எண் நூத்தி முப்பத்தொண்ணு. இருபத்தாறு வருஷ சர்வீஸ்ல இப்படி ஒண்ணு நான் பார்த்ததில்ல. ஏழாவது விதி என்ன சொல்லுது? ஆட்சேபிக்கிறவரு தனக்கு நேரா வர்ற பாதிப்பைச் சொல்லணும். ஜனங்க என்ன செய்றாங்க? குருவிக்கு வர்ற பாதிப்பைச் சொல்றாங்க. குருவி வந்து எங்கிட்ட மனுக் கொடுத்துச்சா? இந்த மனுஷன் ஒருத்தர்தான் சட்டத்தைப் படிச்சு எழுதியிருக்காரு."

அவர் அதை முழுவதும் உரக்கப் படித்தார். கேஸ் சிலிண்டர் வரை அரங்கம் சிரித்தது. 'என் சகலை டென்சில்' என்றதும் சிரிப்பு நின்று, எல்லாத் தலையும் திரும்பியது. வீடு வாங்குபவர்கள் வரிசையில் டென்சில் உட்கார்ந்திருந்தான். பின்வரிசையில் மெர்சி.

சீனிவாசராகவன் எழுந்தார். "இது சங்கத்தின் கருத்து இல்லை! நாங்க யாரும் பொறாமைப்படலை. எதுக்குப் படணும்? அங்க ஸ்விம்மிங் பூல் இருபத்தஞ்சு மீட்டர். குழந்தைகளுக்குத் தனியா ஒண்ணு. ஸ்டீம் ரூம்ல யூகலிப்டஸ் வாசனை வரும். மாடல் ஃப்ளாட்டை நான் மூணு தடவை போய் நேர்ல பார்த்தவன். ஜன்னலைத் தொட்டா தானா மூடறது. பார்த்தேன், வந்தேன், ராத்திரி ரெண்டு மணி வரைக்கும் சும்மா புரண்டுண்டு இருந்தேன். ஒரு துளி பொறாமை? கிடையாது!"

"உங்க மனுவுல இதெல்லாம் இல்லியே," என்றார் ரவிக்குமார் வருத்தத்தோடு. "ஏரின்னுதானே இருக்கு."

வீட்டுக்கு நடந்து போகும்போது மெர்சி நான்கு மின்கம்பம் வரை முன்னால் வேகமாக நடந்தாள். ஐந்தாவதில் ஆரம்பித்தாள்.

"ஏங்க, பொறாமைப்பட்டீங்க சரி. ஊர்ல யார் படல? அதை எழுதி, கையெழுத்துப் போட்டு, வீட்டு நம்பரும் ஃபோன் நம்பரும் வேற கொடுத்திருக்கீங்களே. யாராவது ஃபோன் பண்ணி, 'இப்ப எப்படி இருக்கு'ன்னு விசாரிப்பாங்கன்னா?"

உண்மையிலேயே ஃபோன் வந்தது. தகுதியுள்ள ஒரே ஆட்சேபணை என்பதால் விதிப்படி இட ஆய்வு செய்ய வேண்டுமாம். சனிக்கிழமை காலை ராகி வயலில் ஆட்களைத் தூக்கும் கூண்டு வைத்த கிரேன் ஒன்று வந்து நின்றது. ரவிக்குமார், பாக்கியராஜ், எதிர்த்தரப்பு என்ற முறையில் டென்சில், மூன்று பேரும் மஞ்சள் ஹெல்மெட் போட்டுக்கொண்டு கூண்டில் ஏறினார்கள். வேலிக்கு அப்பால் லேஅவுட் முழுக்க வேடிக்கை பார்த்தது. பாக்கியராஜுக்கு மட்டும் கிரேன் வந்ததை அவர்களால் தாங்க முடியவில்லை என்பது முகங்களில் தெரிந்தது.

ஒவ்வொரு மாடி உயரத்திலும் கூண்டு நின்றது. ரவிக்குமார் தன் தாளைப் பார்த்துக் கேட்டார்.

"முதல் மாடி. பொறாமை இருக்கா?"

"இல்ல சார்."

"மூணாவது?"

"இல்ல."

"நாலு?"

பாக்கியராஜ் எட்டிப் பார்த்தார். தன் வீட்டு மாடியின் தரை தெரிய ஆரம்பித்திருந்தது. "லேசா."

"எழுதிக்கறேன். லேசா."

ஏழில் அது 'மிதம்' ஆகி, எட்டில் 'அதிகம்' ஆனது. ஒன்பதில் கூண்டு நின்று ஒரு ஆட்டம் ஆடியது. டென்சில் கம்பியை இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, "ஏசுவே, ஏசுவே" என்றான்.

"என்ன பிரதர், உசரம் ஆகாதா?" என்றார் பாக்கியராஜ்.

"அண்ணா, கீழ எறக்கச் சொல்லுங்க அண்ணா."

பாக்கியராஜுக்கு உடம்பெல்லாம் குளிர்ச்சியாக இருந்தது. பல நாளுக்குப் பிறகு நெஞ்சு லேசானது. ரவிக்குமார் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு, 'ஒன்பதாவது மாடி: பொறாமை திடீரென முற்றிலும் நீங்கியது' என்று எழுதி, நேரத்தையும் குறித்தார்.

ஆனால் டென்சில் ஒரு கண்ணைத் திறந்தான். பிறகு இன்னொன்றையும். கீழே பாக்கியராஜின் வீடு ஒரு தீப்பெட்டி போல இருந்தது. மாடியில் மெர்சி காயப்போட்ட சேலை தெரிந்தது.

"அது உங்க வீடா அண்ணா? இவ்ளோண்டுதானா?" அவன் குரலில் இளக்காரம் இல்லை, நிஜமான ஆச்சரியம் இருந்தது. "பதினோரு வருஷமா உங்க மாடில சாப்பிட்டுட்டு, பஸ் ஏறி மர்பி டவுன் போற வரைக்கும் ரோஸி எங்கூடப் பேச மாட்டா. அம்மா அந்தச் சுவரைத் தட்டுவாங்க பாருங்க, அப்ப எனக்குத் தொண்டைல சோறு எறங்காது. மலை மாதிரி இருந்துச்சு அண்ணா, அந்தச் சுவரு எனக்கு." அப்போது வடக்கிலிருந்து காற்று வந்து மூன்று ஹெல்மெட்டையும் தட்டியது. டென்சில் சிரித்துவிட்டான். "காத்து பாருங்க அண்ணா! ஃபேனே வேணாம் போலிருக்கே!"

ரவிக்குமார் பேனாவைத் திறந்தார். "இப்ப?"

"அதிகம் சார்," என்றார் பாக்கியராஜ். "ரொம்ப அதிகம்."

கூண்டு இறங்கிய அன்றே லேஅவுட் விழித்துக்கொண்டது. ஏரியும் குருவியும் வாங்கித் தராத மரியாதையை உண்மை வாங்கித் தந்திருக்கிறது. திங்கட்கிழமை சங்கம் மறுபடி கூடி, எல்லோரும் திருத்திய மனு கொடுப்பது என்று தீர்மானித்தது. ஐந்து கேள்வி எழுதுவது எப்படி என்று பாக்கியராஜே பூங்காவில் வகுப்பு எடுக்க வேண்டியதாயிற்று. சீனிவாசராகவன் நீச்சல் குளத்தைப் பற்றி ஒன்பது பக்கம் எழுதினார், மூன்று பிரதிகளில். கிருஷ்ணப்பா தம்பியைப் பற்றி எழுத உட்கார்ந்து, ஐந்தாவது கேள்வி போதாமல் பதினேழு வரை போனார். ரவிக்குமார் புதிதாக ஒரு வகைப்பிரிவு தொடங்கி, பொறாமைக்குச் சான்று கேட்டார். தூக்கம் வரவில்லை என்பதற்கு மருத்துவர் சான்றிதழ். உறவுக்காரர் என்றால் உறவுமுறைச் சான்றிதழ். ஜனங்கள் வரிசையில் நின்று வாங்கிக் கொடுத்தார்கள். இரண்டாம் கிராஸ்காரர் ஒருவருக்கு 'மிதமான பொறாமை' என்றுதான் சான்று கிடைத்தது என்பதால், பக்கத்து வீட்டுக்காரருடன் பேச்சுவார்த்தை நின்றுபோனது. பக்கத்து வீட்டுக்காரருக்கு 'தீவிரம்' கிடைத்திருந்தது.

தீர்ப்பு நவம்பர் கடைசியில் பலகையில் ஒட்டப்பட்டது. 'மேற்படி நூற்றெண்பத்தாறு மனுதாரர்களும் தக்க சான்றுகளுடன் உறுதியளித்துள்ளபடி, உத்தேசக் கட்டடம் எவரும் பொறாமைப்படத் தக்கது என்பது ஐயத்துக்கு இடமின்றி நிரூபணமாகிறது. இவ்வளவு பேர் ஆசைப்படும் ஒன்றைப் பன்னிரண்டு மாடியோடு நிறுத்துவது பொதுநலனுக்கு உகந்ததல்ல. பதினாறு மாடிக்கு அனுமதி வழங்கப்படுகிறது. மனு எண் 131-ஐப் பொறுத்தவரை, மனுதாரரின் பாதிப்பு உண்மையானது என ஏற்கப்படுகிறது. ஆயினும் அப்பாதிப்பைக் கட்டடம் ஏற்படுத்தவில்லை, சகலை ஏற்படுத்தியுள்ளார். சகலை மீது நடவடிக்கை எடுக்க இவ்வலுவலகத்துக்கு அதிகாரம் இல்லை.'

பாக்கியராஜ் தன் பத்தியை நான்கு தடவை படித்தார். பிறகு கணக்குப் போட்டார். கட்டி முடிக்க மூன்று வருஷம் ஆகும். ஆக, இன்னும் மூன்று கிறிஸ்துமஸ் தன் கையில் இருக்கிறது.

முதலாவதற்குப் புதுச் சுண்ணாம்பு அடித்தார். ஷாமியானாவுக்குப் பதில் ஜரிகை வைத்த பந்தல். பிரியாணியில் கறியைக் கூட்டினார். முப்பத்திரண்டு பேரும் வந்தார்கள். தட்டை வாங்கிக்கொண்டார்கள். வாங்கிக்கொண்டு ஒவ்வொருவராகப் பின்பக்கக் கைப்பிடிச் சுவருக்குப் போனார்கள். பாக்கியராஜ் இரண்டாவது அண்டாவைத் தூக்கிக்கொண்டு மேலே வந்தபோது பந்தலுக்கு அடியில் யாரும் இல்லை. முப்பத்திரண்டு முதுகுகள் தெரிந்தன. சுவருக்கு அப்பால் வேலி போட்ட வெறும் வயல். செங்கல் ஒன்றுகூட இன்னும் வந்து இறங்கவில்லை. எல்லோரும் தலையை நிமிர்த்தி ஆகாயத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தோ, அந்தப் பருந்து சுத்துது பாருங்க," என்று கையை நீட்டிக் காட்டினான் டென்சில். "அதுக்குக் கொஞ்சம் கீழ. அதான் எங்க ஹால். பருந்து இருக்கறது டென்த் ஃப்ளோர், அது வேற பார்ட்டி."

"கிச்சன் எங்கடி?" என்றார் ஆஞ்சலாம்மாள்.

"ஹாலுக்கு லெஃப்ட்ல மம்மி. தென்னை மரத்துக்கு நேர் மேல."

"அடேயப்பா," என்றார் அவர். "வெளிச்சமா இருக்கே."

யாரோ பால்கனியைக் கேட்டார்கள். டென்சில் காட்டினான். கழுத்துகள் சேர்ந்து திரும்பின. அண்டாவை இறக்கி வைத்துவிட்டுப் பாக்கியராஜும் பார்த்தார். ஒன்றும் இல்லை. நீலம்தான் இருந்தது.

"எங்கள எதுக்குக் கேக்கறீங்க?" என்றாள் ரோஸி. "நான் மேல போனதே இல்ல, இவரு போயும் கண்ணை மூடிக்கிட்டாரு. மாமா போய் நின்னு பார்த்துட்டு வந்திருக்காரு, அவரைக் கேளுங்க."

முப்பத்திரண்டு முகங்கள் அவர் பக்கம் திரும்பின. அன்று அவரைப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மெர்சி வேண்டாம் என்பது போலக் கண்ணைக் காட்டினாள்.

"சொல்லுங்க மாப்ள," என்றார் ஆஞ்சலாம்மாள். "அங்க காத்து எப்படி?"

புழுக்கம் என்று ஒரு வார்த்தை பாக்கியராஜின் நாக்கு நுனி வரை வந்து நின்றது. அதைச் சொல்ல அவரால் முடியவில்லை.

"நல்லா வருது அத்தை," என்றார்.

ஆஞ்சலாம்மாள் ஆகாயத்தை ஒரு தடவை பார்த்தார். பிறகு, குளிர் அடித்தது போல, முந்தானையை இழுத்துக் காதை மூடிக்கொண்டார்.